பேத்தியின் ரொட்டியும் ஆச்சியின் வாயும்

ஏட்டி தாயி, இந்த ரொட்டிய எந்தக் கடையில வாங்கினே? கண்ணாடிப் பெட்டிக்குள்ள பூட்டி வச்சிருந்தானாக்கும். வைக்கத்தான் செய்வான். இந்த விலைக்கு விக்கிறதை வெளியில வச்சா கண்ணு பட்டுருமே. எடுத்துப் பாத்தேன், நல்லாத்தான் கனக்கு. கடிக்கப் போகும்போதுதான் எங்க ரெண்டு பேருக்கும் சங்கடமாப் போச்சு. எனக்குப் பல்லு இல்ல, அதுக்கு ருசி இல்ல.

உறையில என்ன எழுதியிருக்கான், சத்தமா வாசி. பால் இல்லை, வெண்ணெய் இல்லை, முட்டை இல்லை, கோதுமை இல்லை, க்ளூட்டன் இல்லை, வெள்ளைச் சீனி இல்லை. சரிதான். இருக்கிறதுக்குத் துட்டு வாங்குத கடைக்காரனைத்தான் நான் பாத்திருக்கேன். இல்லாததை எல்லாம் எண்ணி எண்ணித் துட்டு வாங்குதவனை இப்பத்தான் பாக்கேன். அந்தக் காலத்துல நம்ம வீட்டுலயும் இதுல ஒண்ணு கூட இருந்ததில்ல. ஒருத்தனும் வந்து சுவத்துல எழுதி ஒட்டிட்டுப் போகல.

மூஞ்சியத் தூக்காத. நீ நல்லது செய்யணும்னுதான் கெளம்பியிருக்கே, எனக்குத் தெரியும். ஆனா கெளம்பின தெசைதான் வேடிக்கையா இருக்கு. நம்ம கோவில்பட்டிச் சுத்துவட்டாரத்துல, கரிசக்காட்டுல, அப்ப என்ன வெளஞ்சுது? கம்மம்புல்லு, சோளம், கேப்பை, குதிரைவாலி, தினை. காலையில கம்மங்கஞ்சி, மத்தியானம் குதிரைவாலிச் சோறு, ராத்திரி கேப்பைக் களி. நெல்லுச் சோறுங்கிறது நல்ல நாளுக்கு. இட்லி, தோசை தீபாவளிக்கு. மாடு வச்சிருந்த வீட்டுலயும் பாலு விலைக்குப் போயிரும். கன்னுக்குட்டிக்கே பாதிதான், நமக்கு எங்கிருந்து நெய்யி? பலகாரம்னா நல்லெண்ணெயும் கருப்பட்டியும்தான். நீ இப்ப வீகன், வீகன்னு ஆசைப்பட்டு எடுத்திருக்கிற விரதத்தை நாங்க வேற வழி இல்லாம எடுத்திருந்தோம். எங்களுக்கு அதுல பெருமை ஒண்ணும் இல்ல. ஒரு கரண்டி நெய் கெடைச்சிருந்தா விரதத்தை அன்னைக்கே முடிச்சிருப்போம்.

கோதுமைங்கிறதே நம்ம ஊருப் பக்கம் அமெரிக்காக்காரன் பி.எல். 480-ன்னு சட்டம் போட்டுக் கப்பல் கப்பலா அனுப்பினப்பத்தான் தாராளமா வந்துது. 1954-ல போட்ட சட்டம். ரேஷன் கடையில குடுத்தாக, கொண்டாந்து பொங்கலாப் பொங்கினோம், கஞ்சியாக் காச்சினோம், ஒண்ணும் சரியா வரல. அப்புறம் மைதா வந்துது, பரோட்டாக் கடை வந்துது, உங்க அப்பன் அதுக்கு முன்னாடியே போயி உக்காந்துட்டான். கம்மங்கஞ்சி குடிச்சோம்னு வெளிய சொல்லவே வெக்கப்பட்டாக எல்லாரும். அப்படி நாம வெரட்டிவிட்ட கம்புக்கும் கேப்பைக்கும், நம்ம நாடே கேட்டு, 2023-ம் வருசத்தை ஐ.நா. சபை சர்வதேச ஆண்டுன்னு அறிவிச்சுது. கம்பு டெல்லிக்குப் போயி மாலை மரியாதையோட திரும்பி வந்திருக்கு. விலையும் கூடத்தான் வந்திருக்கு. மானாவாரிச் சம்சாரிக்கு அதுல எம்புட்டுப் போய்ச் சேருதுன்னு அந்தக் கண்ணாடிப் பெட்டிக்காரன்கிட்ட கேட்டுப் பாரேன். மொகத்தைத் திருப்பிக்கிடுவான்.

ஆனா ஒண்ணு. நான் கேலி பண்ணுதது உன்னையும் உன் கடைக்காரனையும்தான். க்ளூட்டன் ஆகாதவுகளை இல்ல. அடுத்த பிளாட்டுல பஞ்சாப்காரக பிள்ளை இருக்கானே, அந்தப் பயலுக்குச் சப்பாத்தி ஒரு வாய் போனாலும் வயிறு வீங்கிருது. சிறுகுடல் உள்சுவரையே அரிச்சு எடுத்துருமாம், சத்து எதுவும் ஒடம்புல ஒட்டாதாம். சீலியாக் நோயின்னு பேரு. கோதுமை தின்னே வளந்த சனத்துக்குக் கோதுமையே எமனா வந்திருக்கு பாத்தியா. வட இந்தியாவுல நூறு பேரைச் சோதிச்சா ஒருத்தருக்கு மேல இருக்காம். நம்ம தெக்குப் பக்கம் ஆயிரத்துல ஒருத்தருக்குத்தான். குறைச்சல்னு சொல்லி இல்லைன்னு ஆக்கிற முடியுமா? அந்த ஒருத்தரு நம்ம வீட்டு ஆளா இருந்துட்டா?

அந்தப் பிள்ளையோட அம்மாதான் எனக்கு ஒரு கதை சொன்னாக. ஹாலந்து தேசத்துல டிக்கேன்னு ஒரு பிள்ளைகள் டாக்டர் இருந்தாராம். இந்த நோயி வந்த பிள்ளைகளுக்கு ரொட்டிதான் ஆகலையோன்னு அவருக்கு ரொம்ப நாளாவே ஒரு சம்சயம். 1944-ல சண்டை நடக்கும்போது அந்த ஊர்ல பனிக்காலம் பூரா பஞ்சம். ரொட்டிக்கு மாவு இல்ல. ஊரே பசியில சாகுது, இந்த நோயிப் பிள்ளைக மட்டும் தேறிக்கிட்டு வருது. மறுபடியும் ரொட்டி வந்துது, நோயும் கூடவே வந்துது. சம்சயம் தெளிஞ்சு போச்சு. 1950-ல கோதுமைதான் காரணம்னு ஆராய்ச்சி எழுதிக் குடுத்துட்டாரு. கேட்டதும் எனக்கு அந்த டாக்டரைப் பாத்து ஒரு கும்பிடு போடணும் போல இருந்துது. பஞ்சத்துலயும் கண்ணத் தொறந்து வச்சிருந்த மனுசன்.

சரி, அப்படிப்பட்ட பிள்ளைக்கு நம்ம சமையல் ஆகும்னு கண்ணை மூடிக்கிட்டுக் குடுத்துறலாமா? அங்கதான் இருக்கு சூட்சுமம். அந்தப் பயலுக்கு இட்லியும் சாம்பாரும் குடுக்கலாம்னு போனேன். இட்லி சரி, சாம்பார்ல பெருங்காயம் போட்டியளான்னு கேட்டாக அவுக. போடாம சாம்பாரா? டப்பாவத் திருப்பிக் காட்டுனாக. கூட்டுப் பெருங்காயம்னா பாலோட (பிசினோட) மைதாவையோ கோதுமை மாவையோ சேத்துத்தான் கட்டுதாங்களாம். அரிசி மாவு சேத்ததும் கெடைக்கு, தேடி வாங்கணும். ஊரே அறியாம நம்ம சாம்பாருக்குள்ள கோதுமை குடியிருந்திருக்கு. உங்க தாத்தா கோதுமையே தொடமாட்டேன்னு சாகுற வரைக்கும் பெருமை அடிச்சாரு, பாவம்.

அதோட விட்டுதா? மாவு மில்லுல என்ன நடக்கும்னு உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். நமக்கு முன்னால நின்னவ கோதுமை அரைச்சிட்டுப் போயிருப்பா. அவ மாவுல ஒரு கை நம்ம தூக்குச்சட்டிக்குள்ள வந்து விழும். நம்ம மாவு அடுத்தவளுக்குப் போகும். இதுல சண்டை வந்து ஊரே ரெண்டுபட்டதும் உண்டு. ஒனக்கும் எனக்கும் அது வெறும் சண்டை. அந்தப் பயலுக்கு அது வயித்து வலி. அதனால அவனுக்குச் செய்யணும்னா அரிசியக் கழுவி, நெழல்ல ஒணத்தி, வீட்டு மிக்சியில அரைச்சுச் சலிச்சுக்கோ. சலிக்கிற சல்லடையும் தனி. சப்பாத்தி போட்ட தோசைக்கல்லுல அவனுக்குத் தோசை வாக்காத. ரவை, சேமியா, சம்பா ரவை எல்லாம் கோதுமைதான்னு உனக்கே தெரியும். சோயா சாஸுல கோதுமை கெடக்கு, மால்ட் போட்ட சத்து மாவுல பார்லி கெடக்கு, அதுக்கும் இதே குணம்தான். ஓட்ஸ் பெரும்பாலானவுகளுக்குத் தானா ஒண்ணும் செய்யாதாம். ஆனா அது கோதுமையோட ஒரே வண்டியில ஏறி ஒரே மில்லுல அரைபட்டு வாரதால, தனியாப் பாத்து வாங்கணும். கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல க்ளூட்டன் இருந்தா அந்த உறையில க்ளூட்டன் இல்லைன்னு போடக் கூடாதுன்னு சர்க்காரு சட்டமே இருக்கு. அவனை மாதிரிப் பிள்ளைகளுக்கு அந்த எழுத்து உசுரு. உனக்கு அது அலங்காரம். தேங்கா எண்ணெய் மேலயும் உப்புப் பொட்டலத்து மேலயும் அதை எழுதி விக்கான் பாரு, அவனைத்தான் நான் தேடிக்கிட்டிருக்கேன்.

இப்ப ரொட்டிக்கு வா. போன வாரம் நீ வீட்டுலயே செஞ்சு, வெட்டிப் பாத்துட்டு, ஓரமாப் போயி மூக்கைச் சிந்தினியே, நான் பாக்கலைன்னு நெனச்சியா? வெறும் அரிசி மாவுல ஈஸ்டைப் போட்டு ஊத்தினா அது எப்படி எந்திரிக்கும்? கோதுமை மாவைப் பெசையும்போது ஒரு இழுவை வருதில்ல, அந்த இழுவைதான் க்ளூட்டன். ஈஸ்ட் கெளப்புற காத்தை அதுதான் வெளிய விடாமப் பிடிச்சு வைக்கும். அரிசியில அது கெடையாது. காத்து வந்த வழியே போயிரும், ரொட்டி அமுங்கிரும், நீ அழுவே.

இட்லி மட்டும் எப்படி எந்திரிச்சுது? அதுல உளுந்து இருக்கு. ஆட்டுரல்ல தண்ணி தெளிச்சுத் தெளிச்சு உளுந்தை ஆட்டும்போது பொங்கிக்கிட்டு வருமே ஒரு கொழகொழப்பு, அது காத்தைப் பிடிச்சுக்கிடும். ராத்திரியோட ராத்திரியா மாவுக்குள்ள இருக்கிற லியூகோனோஸ்டாக்னு ஒரு நுண்ணுயிரு காத்தைக் கெளப்பி விடும். பேரை எனக்கு மாப்பிள்ளைதான் சொல்லிக் குடுத்தாக. எனக்கு வாயில நுழைய ஒரு நாள் ஆச்சு, ஆனா எங்க ஆச்சி காலத்துலேயே அது நம்ம பானையில வேலை பாத்துக்கிட்டுத்தான் இருந்துது, சம்பளமும் கேக்கல. கோதுமையும் இல்லாம, முட்டையும் இல்லாம, பாலும் இல்லாம எந்திரிக்கிற ரொட்டி வேணும்னா அது இட்லிச் சட்டிக்குள்ளயே இருக்கு தாயி. ஆனா உனக்கு அது ஆகாது. ரொட்டின்னா நீளமா இருக்கணும், கத்தியால அறுக்கணும், போட்டோ பிடிக்கணும்.

சரி, ஆசைப்பட்டுட்டே. அடுத்த வீட்டு அம்மா தன் மகனுக்காகச் செய்யிற கணக்கைச் சொல்லுதேன், எழுதிக்கோ. எனக்கு உழக்குக் கணக்குத்தான் தெரியும், ஆனா இந்த வேலைக்குத் தராசுதான் சரி. வெள்ளைச் சோள மாவு 150 கிராம். நம்ம சோளம், மக்காச்சோளம் இல்ல. அரிசி மாவு 100 கிராம். மரவள்ளி மாவு 100 கிராம். இதைத்தான் டப்பியோக்கா ஸ்டார்ச்னு சின்னப் பொட்டலமாப் போட்டுப் பெரிய விலைக்கு விக்கான். சேலத்துல ஜவ்வரிசி ஆலையில மலை மலையாக் கெடக்கிற அதே மாவு. சுத்தமான ஜவ்வரிசியா வாங்கி மிக்சியில நைசா அரைச்சாலும் ஆகும். அப்புறம் இசப்கோல் உமி 20 கிராம்.

ஏன் சிரிக்கே? மாப்பிள்ளை ராத்திரி வெந்நீர்ல கலக்கிக் குடிக்காகளே, அதே உமிதான். குஜராத்துல வெளையுது. க்ளூட்டன் செய்யிற வேலையில முக்காவாசிய இது செஞ்சிரும். தண்ணிய உறிஞ்சி, கொழகொழன்னு ஆயி, மாவைச் சேத்துப் பிடிச்சுக்கிடும். ஒண்ணும் கலக்காத வெறும் உமியா இருக்கணும், ஆரஞ்சு வாசனையும் சீனியும் போட்டது வேண்டாம். அவுக டப்பாவ எடுத்தியன்னா சொல்லிட்டு எடு. இல்லைன்னா மறுநாள் காலையில வீட்டுல சமாதானம் இருக்காது. ரொட்டியத் தின்னுட்டா சமாதானம் தானா வந்துரும், அது வேற விசயம்.

ஈஸ்ட் 7 கிராம், உப்பு ஒரு டீஸ்பூன், பொடிச்ச வெல்லம் ஒரு டேபிள்ஸ்பூன், நல்லெண்ணெய் ரெண்டு டேபிள்ஸ்பூன், வெதுவெதுப்பான தண்ணி 400 மில்லி. முதல்ல தண்ணியில பாதிய எடுத்து அதுல இசப்கோல் உமியப் போட்டுக் கலக்கி வை, கொஞ்ச நேரத்துல கெட்டிப்பட்டுக்கிடும். மீதித் தண்ணியில வெல்லத்தையும் ஈஸ்டையும் போட்டு நுரைக்க விடு. அப்புறம் எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு நல்லாப் பெசை. சப்பாத்தி மாவுப் பதத்துக்குக் காத்திருக்காத, அது வராது. கையில ஒட்டத்தான் செய்யும். கையில ஒட்டுதுன்னு மேல மேல மாவைத் தூவினேன்னு வை, முதல் ரொட்டி கதிதான் இதுக்கும். கையை நனைச்சுக்கிட்டு உருட்டி, எண்ணெய் தடவின டின்னுல வச்சு, ஈரத்துணி போட்டு மூடு. கோதுமை ரொட்டிய ரெண்டு தடவை பொங்க விடுவாகளே, இதுக்கு ஒரு தடவை போதும். ஒண்ணரைப் பங்கு ஆனதும் அடுப்புல வச்சிரு. ரெண்டு பங்கு ஆகட்டும்னு பேராசைப்பட்டா உள்ள போயி ஒக்காந்துரும். 200 டிகிரியில ஒரு மணி நேரம், அதுக்கு மேலயும் பிடிக்கும். வெளிய எடுத்து அடியில தட்டினா உள்ளுக்குள்ள காலியா இருக்கிற சத்தம் கேக்கணும்.

இனிமேத்தான் உனக்குச் சோதனை. அறுக்காத. வாசனை வரும், பிள்ளை கேப்பான், மாப்பிள்ளை கத்தியோட வந்து நிப்பாக, அறுக்காத. சூடு முழுசும் ஆறினாத்தான் உள்ள இருக்கிற மாவு இறுகும். சூட்டுல அறுத்தா நடுவுல பச்சைக் களியா இருக்கும், நீ வேகலைன்னு நெனச்சு மறுபடியும் உள்ள தள்ளுவே. போன வாரம் நீ செஞ்ச ரெண்டு கூத்துல இது ஒண்ணு. மிச்சத்தை ஃபிரிட்ஜுல வைக்காத, அங்கதான் சீக்கிரம் வெறைச்சுப் போகும். அறுத்து உறைய வச்சுட்டு, வேணும்கிறப்ப எடுத்து வாட்டிக்கோ. இம்புட்டும் செஞ்சாலும் அது கோதுமை ரொட்டியா ஆயிராது. சோள ரொட்டியக் கோதுமை ரொட்டியோட ஒப்பிடுதது, சின்ன மருமகளை மூத்த மருமகளோட ஒப்பிடுத மாதிரி. வீட்டுல எல்லாருக்கும் வயித்தெரிச்சல்தான் மிச்சமாகும்.

அப்புறம் ஒடம்புக்கு நல்லதுங்கிற பேச்சு. மாப்பிள்ளைக்குச் சர்க்கரை எல்லையில நிக்கு. கோதுமை இல்லைன்னா சர்க்கரை ஏறாதுன்னு அவுகளா ஒரு கணக்குப் போட்டுக்கிட்டு நாலு துண்டை முழுங்குதாக. கடையில வாங்குன உறைய மறுபடியும் வாசிச்சுப் பாரு, எதை அதிகமாப் போட்டானோ அதைத்தான் முதல்ல எழுதணும். முதல்ல என்ன இருக்கு? மரவள்ளி மாவு, அடுத்து அரிசி மாவு. ரெண்டும் சரசரன்னு சர்க்கரையா மாறுத சாதி. அதனாலதான் சோளத்தை அதிகமாப் போடச் சொன்னேன். கருப்பட்டியும் அப்படித்தான். கருப்பட்டின்னா எம்புட்டு வேணாலும் தின்னலாம்னு ஃபோன்ல எவனோ சொன்னானாம். கருப்பட்டியில பெரும்பங்கு சர்க்கரைதான் தாயி. ருசி உண்டு, மணம் உண்டு, மருந்துன்னு சொல்லித் தின்னா நோயி வந்து வாசல்ல நிக்கும்.

பலகாரத்துக்கு மட்டும் நீ எந்த உறையையும் பிரிக்க வேண்டியதில்ல. பாதாம் மாவு எதுக்கு? நம்ம கரிசல் கடலைய வறுத்துத் தோலை ஊதிட்டுப் பொடிச்சா அது கேக்குக்கும் ஆகும் பிஸ்கட்டுக்கும் ஆகும். கம்பு மாவு ஒரு பங்கு, கடலைப் பொடி ஒரு பங்கு, கருப்பட்டித் தூள் முக்கால் பங்கு, தேங்கா எண்ணெய் பெசையிற அளவுக்கு, ஒரு சிட்டிகை உப்பு. தட்டி 170 டிகிரியில கால் மணி நேரம். ஒரு சங்கதி மட்டும் கவனம், கம்பு மாவை மொத்தமா அரைச்சு வைக்காத. அதுல எண்ணெய்ப் பசை உண்டு, சீக்கிரமே கசந்து போகும். அந்த வாரத்துக்கு வேண்டியதை அந்த வாரம் அரை. கேப்பைக்கு அந்தக் கொறை இல்ல, கூடவே 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் கிட்ட சுண்ணாம்புச் சத்தும் இருக்கு. பால் குடிக்காதவளுக்கு அதை விட வேற என்ன வேணும்? முட்டைக்குப் பதிலா ஒரு டேபிள்ஸ்பூன் ஆளி விதைப் பொடிய மூணு டேபிள்ஸ்பூன் தண்ணியில ஊற வச்சுக்கோ. இல்லைன்னா கருத்துப் போச்சுன்னு நீ தூரப் போடுத வாழைப்பழத்தை எடுத்துப் பெசஞ்சு போடு.

கடலை மிட்டாயி சொல்ல வேண்டியதே இல்ல. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-ல புவிசார் குறியீடு குடுத்துட்டாக. கடலையும் வெல்லமும்தான் அதுக்கு ஆதாரம். பாகுப் பதம்தான் வித்தை. ஒரு சொட்டைத் தண்ணியில விட்டு எடுத்துத் தட்டுல போட்டா டங்குன்னு சத்தம் வரணும். சத்தம் வராம கடலையக் கொட்டினியோ, மிட்டாயி பல்லுல ஒட்டிக்கிட்டுப் பல்லோடதான் வரும்.

கார்த்திகைக்கு ஊருக்கு வந்தா ஓலைக் கொழுக்கட்டை செஞ்சு தாரேன். பச்சரிசி மாவை வறுத்து, கருப்பட்டிப் பாகு, தேங்காத் துருவல், வறுத்து ஒடைச்ச சிறுபயறு, சுக்கு, ஏலம் எல்லாம் போட்டுப் பெசஞ்சு, பனங்குருத்து ஓலைக்குள்ள வச்சுக் கட்டி அவிக்கிறது. அந்த ஓலை வாசம் மாவுக்குள்ள எறங்கும் பாரு, அதுக்கு எந்தக் கடையிலயும் எசன்ஸ் கெடையாது. இங்க பட்டணத்துல ஓலைக்கு எங்க போக? அதனால இங்க தொதல் செய்யி. கீழக்கரைக்காரகளுக்குக் கைவந்த பலகாரம். அரிசி மாவு ஒரு பங்கு, கருப்பட்டி ரெண்டு பங்கு, தேங்காப் பாலு ஆறு பங்கு. கருப்பட்டிய உருக்கி வடிகட்டி, எல்லாத்தையும் அடிகனமான சட்டியில ஊத்தி, கிண்டு. கை வலிக்கும், கிண்டு. போதும்னு தோணும், கிண்டு. தேங்காப் பால் எண்ணெயாப் பிரிஞ்சு மேல வந்து, மாவு சட்டிய விட்டு உருண்டு வார வரைக்கும் கிண்டணும். நெய் ஒரு சொட்டு வேண்டாம், அந்தத் தேங்கா எண்ணெயே போதும். உடற்பயிற்சிக் கூடத்துக்கு மாசாமாசம் துட்டுக் கட்டுதியே, அந்தக் கையைக் கொண்டு வந்து இந்த அகப்பையில வை.

உன் மகன் தூத்துக்குடி மக்ரூன் கேக்கான், ஆனா அதுல முட்டை வெள்ளை இருக்கே, ஆகாதேன்னு யோசிக்கே. அதுக்கும் வழி கண்டுபிடிச்சிருக்கான் ஒருத்தன். ஜோயல் ரோசெல்னு பிரான்சு தேசத்துப் பாட்டுக்காரராம், 2014-ல பயறு வேக வச்ச தண்ணிய அடிச்சுப் பாத்திருக்காரு. முட்டை வெள்ளை கணக்கா நொரைச்சு நின்னுக்கிட்டுதாம். நாம காலங்காலமாக் கொண்டக்கடலை வேக வச்ச தண்ணியில ரசம் வச்சுக் குடிச்சுட்டு ஏப்பம் விட்டிருக்கோம், அடிச்சுப் பாக்கணும்னு ஒருத்திக்கும் தோணல. அந்தத் தண்ணிய உப்புப் போடாம வேக வச்சு, இன்னும் கொஞ்சம் வத்த விட்டு, ஆற வச்சு எடுத்துக்கோ. ஒரு முட்டை வெள்ளைக்கு ரெண்டு டேபிள்ஸ்பூன் கணக்கு. சீனியக் கொஞ்சங் கொஞ்சமாப் போட்டு அடிச்சு, பாத்திரத்தைக் கவுத்தாலும் விழாத பதம் வந்ததும் முந்திரிப் பொடிய மெல்லக் கலந்து, குறைஞ்ச சூட்டுல, 100 டிகிரி பக்கம், ரெண்டு மணி நேரம் காய விடு. அடிக்கிறதுக்கு மெசின் இருக்கு, கை வலிக்காது. தொதலுக்குத்தான் மெசின் கெடையாது.

கடைசியா ஒரு காரியம், இதைக் கேலியாச் சொல்லல. மாப்பிள்ளைக்கு வயிறு உப்புதுன்னு சொல்லி நீயாவே கோதுமைய நிறுத்தப் போறதாச் சொன்னே. நிறுத்தாத. முதல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயி ரத்தத்தைச் சோதிச்சுப் பாரு. கோதுமைய விட்டுட்டுப் போயி சோதிச்சா, நோயி இருந்தாலும் ரத்தத்துல தெரியாமப் போயிருமாம். சோதனை முடியிற வரைக்கும் கோதுமை தின்னுக்கிட்டேதான் இருக்கணும்னு டாக்டர்மாரே சொல்லுதாக. இந்தச் சேதிய மாப்பிள்ளைகிட்ட நீ சொல்லு. நான் சொன்னா ராத்திரியே பரோட்டாக் கடைக்குக் கெளம்பிருவாக.